பெட்டி நிண்டுபோச்சு

"உங்கடை மகனுக்கு உங்களை விட இந்தப் பெட்டியிலைதான் அக்கறை போலை, அன்ரி."

வித்தியா ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள். மானிப்பாயில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவள். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு உரும்பிராய்க்கு வந்த எரிச்சல் அவளுக்கு.

ஒஸ்லோவிலிருந்து அந்த மகன் சுதாகரன் செய்தி போட்டிருந்தான். 'வீட்டிலை சேவர் நிண்டுபோச்சு. ஒருக்காப் போய்ப் பாக்கிறியா, தங்கச்சி?' அவ்வளவுதான். அம்மா எப்படி இருக்கிறா என்று ஒரு சொல் இல்லை.

செல்வநாயகி சிரித்தார். "அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. அவன்ரை திறப்பெல்லாம் அதுக்குள்ளைதானே கிடக்கு."

போனமுறை ஊருக்கு வந்தபோது சுதாகரன் பொருத்திவிட்டுப் போன சின்னக் கறுப்புப் பெட்டிதான் அந்தச் சேவர்; இரவும் பகலும் நிற்காமல் ஓடும் ஒரு கொம்பியூட்டர். வங்கி, மெயில், வேலை என்று அவனுடைய பாஸ்வேட் எல்லாவற்றையும் சாவிகளைப் போலப் பூட்டி வைத்திருக்கும் ஒரு மென்பொருள், அந்தப் பெட்டிக்குள்ளே ஒரு கொன்ரெயினரில் ஓடிக்கொண்டிருந்தது. 'என்ரை திறப்புக் கோர்வையை ஆரோ ஒரு கம்பனிக்காரனிட்டை நான் ஏன் குடுக்கவேணும்? எங்கடை வீட்டிலையே கிடக்கட்டும்' என்பது அவன் நியாயம்.

"கொன்ரெயினர் எண்டால் கப்பல்லை சாமான் வாற பெட்டி எண்டுதான் நான் நினைச்சனான்" என்றார் செல்வநாயகி. "அவன்தான் விளங்கப்படுத்தினவன். வீட்டுக்குள்ளை ஒரு தனி அறை மாதிரியாம். மற்ற அறையளிலை என்ன நடந்தாலும் அந்த அறைக்கு ஒண்டும் ஆகாதாம்."

"சேவர் நிண்டால் உங்களோடையும் சண்டைக்கு வாறவரோ?"

"சண்டையோ! உடனை வீடியோவிலை வருவான்." அவர் முகம் மலர்ந்தது. "ரவுட்டரைக் காட்டுங்கோ அம்மா எண்டுவான். பிறகு மீட்டரைக் காட்டச் சொல்லுவான். பிறகு கிணத்தடிக்குப் போற வயரைப் பாக்கவேணும் எண்டுவான். போனைப் பிடிச்சுக்கொண்டு வளவு முழுக்கச் சுத்துவன். அப்பிடியே கதை வளரும். முருங்கை காய்ச்சிருக்கோ, பக்கத்து வீட்டுக்காரர் வேலியை அடைச்சிட்டினமோ எண்டு எல்லாம் கேப்பான். இண்டைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலை கதைச்சவன்."

சேவருக்கும் கிணத்தடிக்கும் என்ன சம்பந்தம்? வித்தியா மனதுக்குள் திட்டினாள். முழங்கால் நோவோடு இருக்கிற மனிசியை இப்படி அலைய விடுகிறானே!

பெட்டி சுதாகரனின் அறையில் இருந்தது. ஆளில்லாத கட்டிலில் விரிப்புச் சுருக்கமில்லாமல் கிடந்தது. தலையணைக்குப் புது உறை.

வித்தியா குனிந்து பார்த்தாள். பெட்டியின் பின்பக்கப் பிளக் லூசாக இருக்கிறதென்று நினைத்து, போனமுறை கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றிவிட்டுப் போயிருந்தாள். அந்த டேப் இப்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல நேராக அறுந்திருந்தது. அறுந்த இடத்தில் திரும்ப ஒட்டவும் பார்த்திருக்கிறார்கள்.

அவள் திரும்பினாள். தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்ற செல்வநாயகி நிலத்தைப் பார்த்தார்.

"நீங்களோ, அன்ரி?"

"அவனிட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை."

"ஏன் அன்ரி இப்பிடி?"

"ஞாயிற்றுக்கிழமையளிலை போன் எடுக்கிறவன்தான். ஆனால் என்னத்தைக் கதைக்கிறது? சாப்பிட்டியோ, அங்கை குளிரோ எண்டு கேட்டால் கதை முடிஞ்சுபோம். பாவம், அவனுக்கு வேலை கிடக்குமெண்டு நானே வைச்சிடுவன்." கோப்பையை மேசையில் வைத்தார். "இது நிண்டால் அவனுக்கு என்னட்டை ஒரு அலுவல் வருகுது. அலுவலாய்க் கதைக்கிறவனை எப்பிடி வை எண்டு சொல்லுறது?"

வித்தியா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிளக்கைத் திரும்பச் செருகினாள். பெட்டியில் நீல லைட் எரிந்தது.

ஒழுங்கை முடிவில் வெங்காயத் தோட்டத்தோரம் ஸ்கூட்டியை நிறுத்தி, சுதாகரனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, உந்தச் சேவரைக் கழட்டி வேறை எங்கையெண்டாலும் கொண்டுபோய் வையுங்கோ. உங்கடை பாஸ்வேட்டுக்குக் காவல் இருக்கிறதோ அன்ரிக்கு வேலை? ஒருநாளெண்டாலும் அம்மா எப்பிடி எண்டு என்னட்டைக் கேட்டிருக்கிறியளோ?"

சுதாகரன் மெல்லக் கேட்டான்.

"நீ சுத்தின டேப்பை அம்மா வெட்டிப்போட்டாவோ?"

வித்தியா திகைத்துப்போனாள். "உங்களுக்குத் தெரியுமோ?"

"கரண்ட் போனாலும் பக்கத்திலை கிடக்கிற பற்றரியிலை ஓடுற பெட்டி, தங்கச்சி. பெட்டிக்குப் பின்னாலை போற வயரை ஆரும் கழட்டாமல் அது நிக்காது."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருக்கிறியள்? அடிக்கடி நிண்டால் உங்கடை அலுவல் கெடாதோ?"

"என்ரை பாஸ்வேட் எல்லாத்தையும் போன வருசமே இங்கை என்ரை வீட்டுக்கு மாத்திப்போட்டன். அந்தக் கொன்ரெயினருக்குள்ளை இப்ப ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் என்னைப் போய்ப் பாக்கச் சொல்லுறியள்?"

"நீ போனால் உன்னோடையும் இருந்து கதைப்பா. நான் சும்மா எடுத்தால் 'சுகமாயிருக்கிறன், உனக்கு வேலை கிடக்கும், வை ராசா' எண்டுவா. தனிய இருக்கேலாமல் கிடக்கெண்டு என்ரை அம்மா வாயாலை சொல்லமாட்டா."

"வெறும் பெட்டியை வைச்சு என்ன செய்யிறது, அண்ணை?"



"அம்மா வயரைக் கழட்டினால் இங்கை என்ரை போனிலை மணி அடிக்கும், தங்கச்சி. அந்தப் பெட்டிக்கு இப்ப அந்த ஒரு வேலைதான்."