இரைச்சல் நீக்கிய பிரதி

பேராசிரியர் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மனைவி இறந்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் ஆல்பம் ஆல்பமாகப் படங்கள் இருக்கின்றன. குரல்தான் எங்கும் இல்லை.

இங்கே இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் இந்த ஒலிக் காப்பகத்தார் வீட்டுக்கு வந்து அவரைப் பேட்டி எடுத்தார்கள். நடுவில் சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டாள்: “என்னங்க, கொஞ்சம் வாங்களேன்.”

அவ்வளவுதான். அது போதும் அவருக்கு.

அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பழைய பேட்டியைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

காப்பக இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கே இதுவரை யாரும் எதையும் கேட்க வந்ததில்லை.

“டேப்ல இருந்துச்சு சார். சிடிக்கு மாத்தினோம், பூஞ்சை பிடிச்சுது. ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தினோம், அது மண்டையைப் போட்டுச்சு. இப்ப மூணு ஊர்ல மூணு காப்பி. மூணும் ஒண்ணா இருக்கான்னு தினம் மெஷினே சரிபார்த்துக்கும். நூறு வருஷத்துக்குக் கவலையே இல்லை!”

அதற்கான சான்றிதழ் சுவரில் தொங்கியது. ஒரு மூலையைக் கரையான் அரித்திருந்தது.

பேராசிரியர் பதிவில் தன் பழைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை ‘என்னைப் பொறுத்தவரை’! இந்த ஆளுக்குத் தன் குரல்மேல்தான் எவ்வளவு பிரியம்.

அந்த இடம் நெருங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நிசப்தம்.

கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தது போன்ற நிசப்தம்.

அவர் முகம் மாறியதைப் பார்த்து இயக்குநர் பூரித்துப்போனார்.

“என்ன சுத்தம் பாத்தீங்களா? ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், பின்னாடி யாரோ கத்தினது, எல்லாத்தையும் சாஃப்ட்வேர் வழிச்சு எடுத்துடுச்சு. உங்க குரலைத் தவிர ஒரு பொட்டு சத்தம் கிடையாது.”

“சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருந்தது?”

“அழிச்சுட்டோம் சார். சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.”

பேராசிரியர் தலையை ஆட்டினார். ஹெட்போனைக் கழற்றவில்லை.

நிசப்தம் முடிந்தது. மூன்று ஊர்களிலும் ஒரே மாதிரி, இன்னும் நூறு வருடத்துக்கு, அவர் குரல் கணீரென்று சொன்னது:

“இதோ வரேன்.”

அதன் பிறகு பதிவு முடியும்வரை, ஓர் இடைவெளிகூட இல்லாமல், அவரேதான் பேசிக்கொண்டிருந்தார்.