இலுப்பை மரத்துக்கு அப்பால்

காட்டோரத்தில் நின்று சுட்டால் நாட்டுத் துப்பாக்கியின் ரவை இலுப்பை மரம் வரைக்கும்தான் வரும். அந்தக் காட்டு மான்களுக்கு அது தெரியும். மரத்தைத் தாண்டி நின்று நிம்மதியாக மேயும்.

ஒருநாள் ஊராட்சி ஆட்கள் வந்து அந்த மரத்திலேயே ஒரு பலகையை ஆணியடித்துவிட்டுப் போனார்கள்.

"காக்கா அண்ணே, என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டது ஒரு கலைமான்.

காக்கைக்கு ஊராட்சி அலுவலக ஜன்னல்தான் வீடு மாதிரி. தெரியாத சங்கதி இல்லை. "இனிமே மான் வேட்டைக்கு ரைஃபிளும் கொண்டு வரலாமாம்" என்றது.

"ரைஃபிள்னா?"

"அதுவும் துப்பாக்கிதான்."

"ப்பூ, இவ்வளவுதானா!"

எவ்வளவு தூரம் பாயும் என்று மான் கேட்கவில்லை. காக்கையும் சொல்லவில்லை. மான் வழக்கமான இடத்துக்கே மேயப் போனது. காக்கை உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெடிச்சத்தம் வருவதற்கு முன்பே மான் விழுந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் அத்தனை தூரம் நடந்து வருவதற்குள் காக்கை இரண்டு கண்களையும் தின்று முடித்திருந்தது.

மறுநாள் வேறு காட்டிலிருந்து ஒரு பெண்மான் வந்தது. "அண்ணே, இங்க வேட்டை உண்டாமே. எங்க நின்னு மேஞ்சா பயமில்லை?"

காக்கை அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டது.

"இந்த இலுப்பை மரத்தைத் தாண்டி நின்னாப் போதும், தங்கச்சி."