அஞ்சு கழுத்து

“மொத்தம் எத்தன பேருங்க வந்திருக்கீங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

பட்டப்பகலில் கொல்லைக் கதவை நெம்பிக்கொண்டு நுழைகிறவர்களிடம் யாரும் கேட்கிற கேள்வி அல்ல இது. கொழிஞ்சாம்பாறைக் கடலைமண்டி ஆறுமுகசாமி வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் என்று நம்பி வந்தவன் காளிச்சாமி. பீரோவைத் திறந்துவைத்துப் பட்டுப்புடவைகளை மடித்துக்கொண்டிருந்த இவளை அவன் எதிர்பார்க்கவில்லை.

“அ... அஞ்சு பேருங்க.”

“அடப் பாவமே! நாலு பேரா வந்திருக்கக் கூடாதுங்களா? அஞ்சுன்னா கூட்டுக்கொள்ளைங்க. அதுல ஒருத்தர் கொலை பண்ணினாப் போதும், அஞ்சு கழுத்துக்கும் கயிறுங்க.”

“நான் வெளிய காவல் மட்டுந்தானுங்க!” என்று சன்னலுக்கு அப்பாலிருந்து அலறினான் குப்பண்ணன்.

“காவலுக்கும் சேர்த்துத்தானுங்க.”

ராக்கப்பன் அரிவாளை ஓங்கினான். மலைமேல் சித்திரபுரத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தவன். முன்கோபத்துக்காகவே கூட்டத்தில் சேர்க்கப்பட்டவன்.

“என்னத்த சட்டம் பேசிக்கிட்டிருக்கா இவ? ஒரே போடா போட்டுருவேன்!”

அந்த ஒரு கையில் ஐந்து உயிர் தொங்குவது காளிச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்ந்து கையைப் பிடித்தான். இன்னொருவன் காலைப் பிடித்தான். மற்றவன் அரிவாளைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தான்.

“ராக்கப்பா, போன தையிலதான் எனக்குக் கல்யாணமாச்சு. உன்ற கோவத்துக்கு என்ற கழுத்தா?” என்ற காளிச்சாமி அவள் பக்கம் திரும்பினான். “ஏனுங்க, ஸ்டேட் எல்லை தாண்டிப் பொள்ளாச்சி போயிட்டா?”

“அங்கயும் இதே சட்டந்தானுங்க. கயிறு மட்டும் வேற.”

அவளுக்கு ஒரு கும்பிடு போட்டு, கதவையும் ஒழுங்காகச் சாத்திவிட்டு வெளியேறினார்கள்.

பஸ் ஸ்டாப்பில், யாரும் சாகவில்லை, யாருக்கும் தூக்கில்லை என்ற சந்தோஷத்தில் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தான் காளிச்சாமி. ராக்கப்பனுக்கு மட்டும் இரண்டு. எமர்ஜென்சி காலமாதலால் பொள்ளாச்சி பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கே வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள்.

பஸ் நகரும்போது, பெரிய மூட்டையோடு மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினாள் அதே பெண். காளிச்சாமி மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தான்.

“வேண்டாமுங்க,” என்று கிசுகிசுத்தாள் அவள். “ஊட்டுச் சொந்தக்காரங்க திரும்பி வந்துட்டாங்க. நான் பண்ணினது வெறும் திருட்டு; உங்ககூட உக்காந்தா அதுவும் கூட்டுக்கொள்ளையாயிருமுங்க.”