மணமக்கள் படம்

ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் பூங்கொடிக்குச் சின்னக் கடை. கையாலேயே காகிதம் செய்து, அதில் வாட்டர்கலரில் படம் வரைந்து விற்பாள். மகளின் கல்யாண அழைப்பிதழுக்காகச் சேலத்திலிருந்து வந்த செங்கோடன், இரண்டு போட்டோக்களைக் கொடுத்தார்.

“பொண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியா நிக்கறாப்ல வரைஞ்சு குடு கண்ணு. முதல்ல ஒரு அட்டை பார்த்துக்கறேன்.”

“பத்து நாள் ஆகுமுங்க” என்றாள் பூங்கொடி.

அவர் போனதும், காகிதக் கூழை உரலில் போட்டு இடி இடியென்று இடித்தாள்.

“யாரு மேல புள்ள இத்தனை கோவம்?” பக்கத்துக் கடை ஷஹீதா கேட்டாள்.

“ஆள் கையில சிக்கட்டும், சொல்றேனுங்க்கா.”

பத்தாம் நாள் செங்கோடன் வந்தார். அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

“மாப்பிள்ளை உரிச்சு வெச்சாப்ல இருக்காரு. பக்கத்துல நிக்கறது எம்புள்ள இல்லையே! யாரிது?”

“நான்தானுங்க.”

“வெளையாடறயா?” என்று கத்தினார்.

பூங்கொடி ஒரு தாளை அவர்முன் அறைந்து வைத்தாள். அது அவளுடைய திருமணப் பதிவுச் சான்றிதழ்.

“ஆறு வருசமா அவரு எம்புருசனுங்க. திருப்பூருக்கு வேலைக்குன்னு போனவரு. அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டீங்க. ரிஜிஸ்டர் ஆபீசுல இதோட நகல் எடுக்கத்தான் பத்து நாள் கேட்டேன்.”

செங்கோடன் இரண்டு முறை படித்தார். பிறகு அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

“மாப்பிள்ளை இன்னிக்கு எங்கூட்டுக்குத்தான் விருந்துக்கு வர்றான். கடையைச் சாத்திட்டு வண்டியில ஏறு, கண்ணு.”