எல்லோரோடும் பேசுகிறவன்

மேலாளருக்குத் தலை சுற்றியது. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டும் 127.0.0.1 என்ற ஒரே முகவரியோடு பேசுவதாக அறிக்கை சொன்னது.

"எவன்யா அவன்? நம்ம ரகசியத்தையெல்லாம் கறக்கிறான்!"

"சார், அது வந்து..." என்று இழுத்தார் நெட்வொர்க் பார்ப்பவர்.

"நீயும் உடந்தையா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

மறுநாள் காலையில் வேலை போனவர் வீட்டு வாசலில் மேலாளரே பேயறைந்த முகத்தோடு நின்றார்.

"என் சம்சாரத்தோட லேப்டாப்பும் அவன்கூடத்தான் பேசுது. மறைக்காம சொல்லுய்யா, யாரு அவன்?"

"வெளியாளே இல்ல சார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குத்தானே பேசிக்கிற முகவரி அது. உங்களுதும் பேசும்."

மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உன் வேலை உனக்குத்தான். உடனே கிளம்பு."

"ஆபீசுக்கா சார்?"

"என் வீட்டுக்குய்யா! இதை அவகிட்ட நீயே சொல்லு. 'யாருடி அவன்'னு கேட்டதுக்குப் பெட்டியைக் கட்டிக்கிட்டிருக்கா!"