ஜெர்ரி சொல்றான்

“இப்ப மூட வேணாம்னு ஜெர்ரி சொல்றான்” என்றாள் ஜோவிதா, காதிலிருந்த இயர்பீஸை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு.

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிய இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஜூலியனுக்குத்தான் நிற்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து தம்பி தனிஸ்லாஸின் தலைமாட்டில் நின்று கால் மரத்துப்போயிருந்தது.

“எட்டு வருஷமா தொறக்காத வாயி இன்னிக்குத் தொறந்துடுச்சாமா?” என்றார். “கோயில்ல சாமியார் காத்துக்கிட்டிருக்காரு. மூடுங்கடா.”

குருசுக்குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அப்பன் நடுத்தெருவில் வைத்து அறைந்த மறுமாதம் ஜெர்ரி பாரீசுக்கு விமானம் ஏறினான். அதற்கப்புறம் அப்பனோடு ஒரு வார்த்தை இல்லை. படுக்கையில் கிடந்த நாலு மாதமும் தனிஸ்லாஸ் மனைவி ஜோவிதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரே ஒரு தடவை அவன் ‘அப்பா’ என்று கூப்பிட வேண்டும்.

பிரான்சில் இருக்கும் சொந்தங்கள் பார்ப்பதற்காகச் செல்வகுமார் கால்மாட்டில் கேமரா வைத்திருந்தான். ஜோவிதா பதினெட்டு வருஷம் செய்தி வாசித்த கேபிள் டிவியின் ஆள் அவன். செய்தி வாசிக்கிறவர்களுக்கு உள்ளேயிருந்து குறிப்புச் சொல்லும் அந்த இயர்பீஸை அவன்தான் காலையில் அவளுக்கு மாட்டிவிட்டான். ஜெர்ரி போனில் பேசினால் அவள் காதுக்கு மட்டும் கேட்கும்.

செல்வகுமார் குனிந்து கேமராவைத் திருப்பியபோது, சட்டைப் பையில் இரண்டு பேட்டரிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

“கொஞ்சம் இருங்க மாமா. புள்ள அழுவுறான்.” ஜோவிதா தலையை லேசாகச் சாய்த்தாள். செய்திக்கு நடுவே குறிப்புக்குக் காத்திருக்கும் அதே சாய்வு.

“இன்னாடி சொல்றான்?” என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி.

“‘எனக்குக் கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சிப்பா, வர்றதுக்குத்தான் வெக்கமா இருந்திச்சி’ன்னு சொல்றான்.”

“செத்தவனுக்கு அதெல்லாம் கேக்கப்போவுதா?” என்றார் ஜூலியன். குரல் முன்போல ஏறவில்லை.

“நேராவே கேட்டுக்கட்டும் மாமா.”

இயர்பீஸைக் கழற்றி, தனிஸ்லாஸின் குளிர்ந்த காதில் வைத்தாள். நழுவிவிடாமல் கையால் பொத்திக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள். “கூப்ட்டுட்டான். இப்ப மூடுங்க.”

அன்றைக்கு முழுக்க அழாத ஜூலியன் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பெட்டி தெருவுக்குப் போனதும் வீடு காலியானது. செல்வகுமார் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஜூலியன் நாற்காலியில் கிடந்த இயர்பீஸை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

“ஜெர்ரி, பெரியப்பாடா. நானும் உன்ன வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்டா...”

“அதுல பேச முடியாதுங்கய்யா. கேக்க மட்டுந்தான்.”

“கேக்கவும் ஒண்ணும் காணமேப்பா.”

செல்வகுமார் வாசலை எட்டிப் பார்த்தான். ஜோவிதா வண்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேட்டரிகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

“ஜெர்ரி போன எடுத்ததும் அதுல போடலாம்னு வச்சிருந்தேங்கய்யா. இன்னும் எடுக்கல.”