ஈரக் கையால் தொட வேண்டாம்

ஆள் குரலுக்கு முன்னால் குழந்தையின் அழுகைதான் காதில் வந்து விழுந்தது.

"மேடம், கரண்ட் போயிடுச்சு. கொஞ்சம் சீக்கிரம் வர்ற மாதிரி பண்ணுங்க மேடம். மூணு மாசக் குழந்தை. ஃபேன் சத்தம் இல்லாம தூங்க மாட்டேங்குறா."

மின்தடைப் புகார்களை வாங்கிக்கொள்வது என் வேலை. தலையில் ஹெட்போன், எதிரே திரை, பக்கத்தில் என்னென்ன பேச வேண்டும் என்று அச்சடித்த அட்டை. அட்டையில் இல்லாததைப் பேசக் கூடாது. எல்லா அழைப்பும் பதிவாகிறது. கைப்பேசியை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

இங்கே யாருக்கும் பெயர் கிடையாது. நான் ஏழாம் எண். வீட்டில் பேசுகிற குரலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, கஞ்சி போட்ட குரல் ஒன்றை மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

"தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது சார்."

திரையில் அந்த வட்டாரம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டிருந்தது. எப்போது சரியாகும் என்ற இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது.

ஊருக்கெல்லாம் விளக்கு எரிய வைப்பது நாங்கள்தான் என்று வெளியே நினைப்பு. உள்ளே உட்கார்ந்திருக்கிறவளிடம் ஒரு சுவிட்சுகூடக் கிடையாது.

இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் எனக்குப் பால் சுரந்துவிட்டது.

பிள்ளை பெற்றவளுக்கு எந்தக் குழந்தை அழுதாலும் அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பக்கத்து இருக்கை அக்கா காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேராக இழுத்து விட்டேன். அது எந்த மூலைக்கு?

மேற்பார்வையாளர் அம்மா எங்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். பிரசவ விடுப்பு முடிந்து வருகிறவர்களின் அழைப்பை அவர் தன் ஹெட்போனிலும் வாங்கிக் கேட்பார். "வீட்டு நெனப்பு வந்தா வீட்டுக்கே போயிடலாம்மா" என்று காலையில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போன மாதம் ஒன்பதாம் எண் அப்படித்தான் போனாள். எங்கள் வீட்டில் இப்போதைக்குச் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான்.

"புட்டிப்பாலைக் கொடுத்தா துப்புறா மேடம். அவங்கம்மா வேலைக்குப் போயிருக்கா, போன் எடுக்க முடியாது. நான் பாத்துக்கிறேன், நீ தைரியமாப் போன்னு வீராப்பா அனுப்பி வெச்சேன்."

வீராப்புக்கு எந்த வீட்டு ஆண்பிள்ளையிடமும் குறைச்சல் இல்லை. ஆனால் இந்தக் குரல் உடைந்துபோயிருந்தது. விட்டால் குழந்தையோடு சேர்ந்து தானும் அழுதுவிடும் போலிருந்தது.

"சிரமத்திற்கு வருந்துகிறோம் சார். பணி நடைபெற்றுக்கொண்டிருக்கிறது."

அழுகை நின்றது.

நான் வாயை மூடியதும் மறுபடி ஆரம்பித்தது.

"மேடம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நீங்க பேசினா நிறுத்துறா மேடம். ஏதாவது பேசுங்களேன்."

எதைப் பேசுவது? அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் பாதுகாப்புக் குறிப்புகள் இருந்தன. அவற்றைச் சொல்லத் தடையில்லை. மெதுவாக வாசிக்க ஆரம்பித்தேன்.

அறுந்து கிடக்கும் கம்பிகளின் அருகில் செல்ல வேண்டாம். ஈரக் கையால் சுவிட்சைத் தொட வேண்டாம். மின்கம்பத்தில் கால்நடைகளைக் கட்ட வேண்டாம்.

ஒவ்வொரு வேண்டாமையும் இழுத்து இழுத்துச் சொன்னேன். தாலாட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. அந்தப் பக்கம் விசும்பல் மட்டும் கேட்டது. பக்கத்து இருக்கை அக்கா என்னை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார்.

அட்டை தீர்ந்துபோனது.

அழுகை மறுபடி எழுந்தது. பசியும் தூக்கமும் சேர்ந்த அழுகை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருமா வராதா என்று கேட்பவரைக் காக்க வைக்கிற அழுகை. என் கை இரண்டும் மேஜை மேல் சும்மா கிடந்தன. இப்படிக் கையாலாகாதவளாக நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"அம்மாவோட துணி ஏதாவது சுத்திப் படுக்க வெச்சுப் பாருங்க சார்." அட்டையில் இல்லாததுதான். போனால் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

"எல்லாத்தையும் காலைலயே துவைச்சுப் போட்டுட்டேனே மேடம். ஒண்ணுகூட இல்லையே."

"கதவுக்குப் பின்னாடி பாருங்க. பச்சை நைட்டி."

சொன்ன பிறகுதான் அது எனக்கே காதில் விழுந்தது. கஞ்சி போட்ட குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

அந்தப் பக்கம் படுக்கையறைக் கதவு கிறீச்சிட்டது. எண்ணெய் விடுங்கள் என்று நானும் எத்தனை நாளாகத்தான் சொல்வது.

அழுகை விசும்பலானது. விசும்பல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

என் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"மேடம்." ஹெட்போனில் அவர் குரல் தணிந்திருந்தது.

"சொல்லுங்க சார்."

"நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?"

அட்டையை முன்னும் பின்னும் திருப்பினேன். அதற்குப் பதில் இல்லை. செருப்புச் சத்தம் இன்னும் நகரவில்லை.

"சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்" என்றேன்.